குருவி நுகர்வோரில் சேராது

எனக்கு இருபத்தாறு வயதில் கிடைத்த வேலை என்னவென்று சொன்னால் இன்றும் எங்கள் வீட்டில் சிரிக்கிறார்கள். வாரம் ஒருமுறை வீடு வீடாகப் போக வேண்டும். ‘டிஜிட்டல் ரேடியோ கேட்கிறீர்களா, எவ்வளவு நேரம் கேட்கிறீர்கள், பிடித்திருக்கிறதா’ என்று விசாரித்து ஃபாரத்தில் டிக் அடிக்க வேண்டும். கம்பத்தில் இதற்கு ஒரு ஆள் தேவைப்படும் என்று எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்தானோ தெரியாது. இரண்டாயிரத்து ஆறோ ஏழோ இருக்கும். எங்கள் அத்தா முதல் செல்போன் வாங்கி, அது தொலைந்துவிடும் என்று பயந்து, வீட்டு பீரோவில் பூட்டிவிட்டுக் கடைக்குப் போன காலம்.

விஷயம் இதுதான். வானத்தில் நிற்கும் செயற்கைக்கோளிலிருந்து நேராக இறங்குகிற ரேடியோ. சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் ஒரு சதுரப் பலகையைக் கிழக்கே வானத்தைப் பார்த்துச் சாய்த்து வைத்தால் போதும், இரைச்சல் இல்லாமல் நாற்பது சேனல் பாடும். பெங்களூரில் இருந்த ஒரு கம்பெனி, மக்கள் இதை ஏற்றுக்கொள்கிறார்களா என்று பார்ப்பதற்காக எங்கள் பக்கத்து ஊர்களில் செட்டுகளை மூன்று மாதத்துக்கு இலவசமாகக் கொடுத்திருந்தது. காமயகவுண்டன்பட்டி, சுருளிப்பட்டி, கூடலூர் எல்லாம் என் கணக்கில் வந்தன. டவுன் பஸ் பாஸும் ஒரு தோள்பையும் ஒரு செல்போனும் கொடுத்தார்கள்.

எனக்கு மேலே இரண்டு பேர். ஒருவர் மதுரை மேனேஜர். இன்னொருவர் பெங்களூர் ஆபீசர். இவர்கள் இருவருக்கும் இடையில் நடந்த சண்டைதான் என் சம்பளம். மக்கள் ஏற்றுக்கொள்வார்கள் என்பது ஆபீசர் கட்சி. மாட்டார்கள் என்பது மேனேஜர் கட்சி.

“கொடைக்கானல் மலையில இருந்து எஃப்.எம். ஓசியில கணீர்னு வருது. தேவிகுளத்துல இருந்து மலையாளம் வேற வருது. இதுக்கு மேல எவன்மா கேப்பான்?” என்பார் மேனேஜர். திங்கட்கிழமை காலையில் இவர் போனை வைத்ததும் அவர் கூப்பிடுவார். “மக்கள் ரசனையைக் குறைத்து எடை போடக் கூடாது” என்று கன்னடம் கலந்த தமிழில் நிதானமாகச் சொல்வார். நான் இருவருக்கும் “சரி சார்” என்பேன். வேறு என்ன சொல்ல முடியும்?

முதல் மூன்று வாரம் மேனேஜர்தான் ஜெயித்துக்கொண்டிருந்தார். ஒரு வீட்டில் செட்டின் மேல் கல்யாண போட்டோ வைத்திருந்தார்கள். இன்னொரு வீட்டில் சதுரப் பலகையில் வத்தல் காய்ந்தது. கேட்டால், “வெயிலுக்கு நேரா சாய்ச்சு வைக்கணும்னு நீதானம்மா சொன்ன” என்று என்மேல் திருப்பினார்கள். எனக்குக் கோபம் மூக்கின் மேல் வரும். ஆனால் ஃபாரத்தில் வத்தலுக்குக் கட்டம் கிடையாது. ‘கேட்பதில்லை’ என்று எழுதிவிட்டு அவர்கள் கொடுத்த மோரைக் குடித்துவிட்டு வருவேன்.

நாலாவது வாரம் சுருளிப்பட்டி அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா என்றால் எனக்கு உறவு இல்லை. நாற்பது வயது இருக்கும். அவள் வீட்டுக்காரர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தார். இவள் பதினோரு வருஷம் விடியுமுன் ஜீப்பில் ஏறிக் கேரளாவுக்கு ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போனவள். எட்டுப் பேர் உட்காரும் ஜீப்பில் இருபது பெண்களை அடைத்துக்கொண்டு போவார்கள். கம்பம்மெட்டு வளைவில் ஒருநாள் ஜீப் கவிழ்ந்து, அக்காவின் இடது முட்டியில் கம்பி வைத்தார்கள். அதன் பிறகு ஜீப் ஹாரன் கேட்டாலே கை நடுங்கும் என்பாள். ஒரு ஏக்கர் பன்னீர் திராட்சைத் தோட்டத்தைக் குத்தகைக்குப் பிடித்திருந்தாள். முதல் குலை வெட்டில் பாதியைக் குருவியும் மைனாவும் தின்றுவிட்டன.

“இந்த வெட்டும் போச்சுன்னா மறுபடி ஜீப்புதான் பாப்பா” என்று முதல் வாரமே என்னிடம் சொல்லியிருந்தாள். திராட்சை அப்போது மிளகு அளவில் இருந்தது.

அன்றைக்கு வீடு பூட்டியிருந்தது. தோட்டத்துக்குப் போனேன். தூரத்திலிருந்தே ஒரு வெளிநாட்டுப் பெண்மணியின் ஓலம் கேட்டது. யாரையோ வெட்டிவிட்டார்கள் என்றே நினைத்தேன். ஓடிப்போய்ப் பார்த்தால் பந்தல் நடுவே ஒரு ஸ்டூலில் டிஜிட்டல் ரேடியோ. மோட்டார் ரூம் கூரையில் சதுரப் பலகை. அக்கா கீழே உட்கார்ந்து உதிர்ந்த இலையைக் கூட்டிக்கொண்டிருந்தாள். ஒரு குருவி இல்லை. மைனா இல்லை. பந்தலில் அப்படி ஒரு அமைதி, அந்த அம்மாள் அலறுவதைத் தவிர.

வீட்டில் தென்னை மரம் மறைத்ததால் செட் பாடவில்லையாம். வானம் திறந்து கிடக்கிற இடம் தோட்டம்தானே என்று தூக்கி வந்திருக்கிறாள். பிறகு ஒவ்வொரு சேனலாகப் போட்டுப் பார்த்திருக்கிறாள். இந்திப் பாட்டுக்குக் குருவி கூடுதலாக வந்ததாம். இங்கிலீஷ் செய்திக்கு மைனாக்கள் கம்பியில் வரிசையாக உட்கார்ந்து கேட்டனவாம். மேல்நாட்டுக் கச்சேரி, அதிலும் பெண்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உச்சத்தில் பாடுகிற அந்த ஒரு சேனலுக்கு மட்டும் மொத்தமாகக் கிளம்பிப் போய்விட்டன.

“எஃப்.எம். பாட்டு போட்டுப் பாக்கலையாக்கா?”

“அதுக்கெல்லாம் பழகிருச்சுக. நம்ம பாட்டு அதுகளுக்கு மனப்பாடம். இந்தம்மா எப்பக் கத்தும், எப்ப நிப்பாட்டும்னு அதுகளால கண்டுபிடிக்க முடியல” என்றாள் அக்கா.

நான் ஃபாரத்தை எடுத்தேன். ‘எந்த அறையில் கேட்கிறீர்கள்?’ ஹால், படுக்கையறை, சமையலறை, கார் என்று நான்கு கட்டம். பந்தலுக்குக் கூரை மாதிரி ஒன்று இருக்கிறது, காற்றோட்டமும் இருக்கிறது என்று யோசித்து ஹாலில் டிக் அடித்தேன். ‘தினமும் எவ்வளவு நேரம்?’ விடிந்ததிலிருந்து பொழுது சாயும் வரை. ‘ஆறு மணி நேரத்துக்கு மேல்.’ ‘நண்பர்களுக்குப் பரிந்துரைத்தீர்களா?’ பரிந்துரைத்திருந்தாள். பக்கத்துத் தோட்டத்துக்காரர் தன் செட்டையும் பந்தலுக்குக் கொண்டுபோய்விட்டார். நான் எழுதியதில் ஒரு பொய் கிடையாது. அல்லாஹ் அறிய இல்லை.

அடுத்த நாலைந்து வாரத்தில் சுருளிப்பட்டியிலும் காமயகவுண்டன்பட்டியிலும் தோட்டம் வைத்திருந்தவர்கள் எல்லோரும் செட்டைத் தோட்டத்துக்குக் கொண்டுபோனார்கள். பஸ்ஸில் போனால் இரண்டு பக்கமும் அந்த அம்மாளின் குரல்தான். என் ஃபாரங்கள் பெங்களூருக்குப் போய்ச் சேர்ந்தன. அங்கே ஆபீசருக்கு நிலைகொள்ளவில்லை. மேல்நாட்டுச் செவ்வியல் சேனலை, பெங்களூரையும் சென்னையையும்விட அதிக நேரம் கேட்பது கம்பம் பள்ளத்தாக்கு விவசாயிகள். ஹாலில் உட்கார்ந்து, குடும்பத்தோடு, பகல் முழுக்க. “நான் சொன்னேன் அல்லவா, மக்கள் ரசனையை” என்று போனில் வாக்கியத்தை முடிக்காமலே திரும்பத் திரும்பச் சொன்னார். மேனேஜருக்கோ நம்பிக்கையே வரவில்லை. “பொண்ணே, உண்மையச் சொல்லு, வீட்ல உக்காந்தே ஃபாரத்த நிரப்புறியா?” என்றார்.

இருவரும் சேர்ந்து நேரில் பார்க்க வருவதாகச் செய்தி வந்தது. செட்டு, வீட்டில் கேட்கிற நுகர்வோருக்கு மட்டும்தான். குருவி விரட்டுவது தெரிந்தால் பிடுங்கிக்கொண்டு போவார்கள். வெட்டுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. குலை கறுத்து இனிப்பு ஏறுகிற நேரம், குருவிக்கு வாய் ஊறுகிற நேரமும் அதுதான். முதல் நாள் மாலையே அக்காவிடம் போய்ப் பாடம் எடுத்தேன்.

“அக்கா, கேக்குறீங்களான்னு கேட்டா கேக்குறேன்னு சொல்லுங்க. ரொம்பப் பிடிக்கும்னு சொல்லுங்க. குருவின்னு வாயத் தொறக்காதீங்க.”

“நான் கேக்கத்தான பாப்பா செய்றேன். காத என்ன கழட்டியா வச்சிருக்கேன்?” என்றாள்.

மறுநாள் இருவரும் ஒரு டாக்ஸியில் வந்தார்கள். ஆபீசர் மெலிந்த உடம்பு, வெள்ளைச் சட்டை, நரைத்த தாடி. பந்தலுக்குள் நுழைந்ததும் கண்ணை மூடி அந்தப் பாட்டைக் கேட்டார். பிறகு அக்காவிடம் மெல்ல, “அம்மா, இந்தப் பாட்டில் உங்களுக்கு எது பிடிக்கும்?” என்றார்.

அக்கா என்னைப் பார்த்தாள். நான் வானத்தைப் பார்த்தேன். அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. “உச்சத்துக்குப் போகும் பாருங்க சார், அந்த எடம். அந்த எடம் வந்தா ஒரு மைனா நிக்காது” என்றாள்.

மேனேஜருக்கு அப்போதுதான் உயிர் வந்தது. “பாத்தீங்களா சார்? நான் தலையால அடிச்சுக்கிட்டேன். இங்கன ஒருத்தரும் ரேடியோ கேக்கல. குருவி விரட்டுறாக. குருவி எப்படி சார் நுகர்வோர் ஆகும்?”

வேலிப் பக்கம் நின்றிருந்த பக்கத்துத் தோட்டத்துக்காரர் உள்ளே வந்தார். அவருக்கு விவாதம் என்றால் சோறு வேண்டாம். “ஏன் சார், குருவி கேக்கப் போய்த்தான பறக்குது? கேக்காட்டி அங்கனயே உக்காந்து திங்குமே” என்றார்.

“கேக்குறது வேற, பிடிச்சிக் கேக்குறது வேற” என்றார் மேனேஜர்.

“எங்க தெருவுல கல்யாணத்துக்குக் கல்யாணம் மைக் செட் கட்டுறாக. நானுந்தான் கேக்குறேன். பிடிச்சா கேக்குறேன்? அப்ப நானும் கேக்குறவன் இல்லையா?”

மேனேஜர் யோசித்தார். “நீங்க காசு குடுத்துச் சந்தா கட்டலாம். குருவி கட்டுமா?”

“குருவிக்காக நாங்க கட்டுறோம் சார். மாட்டுக்கு டாக்டர் வந்தா மாடா பீஸ் குடுக்குது?”

இப்படி அரை மணி நேரம். எல்லோரும் வியர்த்து நின்றார்கள். டாக்ஸி டிரைவர் நடுவில் புகுந்து, ஆட்டைச் சேர்க்கலாம், குருவியைச் சேர்க்க முடியாது என்று தீர்ப்புச் சொன்னார். அவரை யாரும் கேட்கவில்லை. ஆபீசர் மட்டும் காலியான பந்தல் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். தான் உயிராக நேசித்த பாட்டுக்கு ஒரு பள்ளத்தாக்குப் பறவைகளே ஊரைக் காலி செய்துவிட்டன என்பதை அவர் ஜீரணித்துக்கொண்டிருந்தார். கடைசியில், “விதிப்படி வீட்டில் கேட்பவர்களுக்குத்தான் செட்டு. நாளைக்குத் தோட்டங்களில் இருக்கும் எல்லாவற்றையும் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள்” என்று என்னிடம் சொன்னார்.

“பன்னெண்டு நாள் சார். வெட்டு முடியட்டும். நானே கொண்டாந்து தாரேன்” என்றாள் அக்கா. அவள் கை நடுங்கியது. “இல்லேன்னா வெலைக்குக் குடுங்க. எப்படியாச்சும் பொரட்டித் தாரேன்.”

“இந்தப் பக்கம் இன்னும் விற்பனைக்கு வரவில்லை அம்மா. மக்கள் ஏற்றுக்கொள்கிறார்களா என்று தெரிந்த பிறகுதான் விற்போம்” என்றார் ஆபீசர். சொல்லிவிட்டு, தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்திருக்க வேண்டும். தரையைப் பார்த்தார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த ஸ்டூலை எடுத்து இரண்டு பேர் தலையிலும் போட்டிருப்பேன். சம்பளம் வாங்குகிற கை, ஃபாரத்தை மடித்துப் பையில் வைத்தேன்.

மறுநாள் நானே போய் அந்தச் செட்டை ஸ்டூலிலிருந்து எடுத்துப் பையில் போட்டேன். அக்கா திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பாட்டைக் கேசட்டில் பிடித்து வைத்திருக்கலாமே என்று இப்போது கேட்கிறவர்கள் கேட்கலாம். அன்று எங்கள் யாருக்கும் அந்தப் புத்தி வரவில்லை. செட்டு போன பிறகுதான் எனக்குத் தோன்றி, கம்பத்தில் இருந்த கேசட் கடை எல்லாம் ஏறி இறங்கினேன். “மேல்நாட்டுப் பொம்பளைக அழுகுற மாதிரிப் பாடுவாகல்ல, அது இருக்கா?” என்று கேட்டேன். ஒரு கடைக்காரர் பேய்ப்பட சிடி ஒன்றை நீட்டினார். இன்னொருவர் என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, “வீட்ல ஏதும் பிரச்சனையாம்மா?” என்றார்.

மூன்றாம் நாள், செட்டைத் திருப்பித் தந்ததற்குக் கையெழுத்து வாங்கச் சுருளிப்பட்டிக்குப் போனேன். பஸ்ஸை விட்டு இறங்கித் தோட்டத்துப் பாதையில் நடக்கும்போதே அந்த அம்மாள் குரல் கேட்டது. அதே உச்சம், அதே நிறுத்தம். எனக்குத் திக்கென்றது. அந்த நேரம் பார்த்து மேனேஜர் போனில் வந்தார்.

“அங்கன என்ன சத்தம்? ஒரு செட்ட ஒளிச்சு வச்சிருக்கீங்களா?” என்றார்.

“எல்லாம் எண்ணி அனுப்பிட்டேன் சார்.”

“எனக்கென்ன காது செவிடா? ஆபீசர் குமுளியிலதான் தங்கியிருக்கார். வர்ற வழியில அவரையே எறங்கிப் பாக்கச் சொல்றேன்” என்று வைத்துவிட்டார்.

நான் பந்தலுக்குள் ஓடினேன். ஸ்டூல் இருந்த இடத்தில் அக்கா நின்றிருந்தாள். தலையில் துண்டு. ஒரு கை இடுப்பில், ஒரு கை நெஞ்சில். பாடிக்கொண்டிருந்தது அவள்தான்.

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். என்ன மொழி என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனால் ஏற்றம், இறக்கம், மூச்சு வாங்குகிற இடம் எல்லாம் அப்படியே இருந்தன. ஒன்றரை மாதம், பகல் முழுக்க அவளைத் தவிர அந்தப் பந்தலில் வேறு யார் கேட்டார்கள்? ஒரு பாட்டு முடிந்ததும் அவள் நிறுத்தவில்லை. குரலைத் தடிப்பாக்கி, இரண்டு பாட்டுக்கு நடுவில் அறிவிப்பாளர் இங்கிலீஷில் பேசுவதையும் பேசினாள். நடுவில் அவர் தொண்டையைச் செருமுவதைச் செருமினாள். மணி காட்டும் ‘பீப்’ சத்தத்தையும் போட்டாள். பிறகு அடுத்த பாட்டு. நான் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வந்தது, எதற்கு எது என்று எனக்கே தெரியவில்லை.

“மூணு நாளா இதேவாக்கா?”

அவள் தலையை ஆட்டினாள். குரல் கட்டிப்போயிருந்தது. “தொண்டைக்கு முட்டியவிட வலி கம்மிதான்” என்றாள். மேற்கு மூலைக்கு அவள் சத்தம் எட்டவில்லை. மைனாக்கள் அங்கே கூடிவிட்டிருந்தன. நான் ஒரு தகர டப்பாவை எடுத்துத் தட்டினேன். அவை என்னை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை.

மதியம் ஆபீசரின் டாக்ஸி வந்து நின்றது. அவர் வேலியோரம் வந்து, செட்டு எங்கே என்று தேடுகிற பார்வையோடு நின்றார். அக்கா முதுகு காட்டிப் பாடிக்கொண்டிருந்தாள். பாட்டு முடிந்தது. தடித்த குரலில் அறிவிப்பைத் தொடங்கினாள். ஆபீசரின் முகம் மாறியது. அந்த அறிவிப்பாளர் அவர்தான். பெங்களூரில் அந்தச் சேனலை நடத்தியதும் அவரே என்று பிறகு தெரிந்துகொண்டேன், ஆள் வைக்க வசதி இல்லாமல் தானே பேசிப் பதிவு செய்திருக்கிறார். தன் சொற்கள், தன் செருமல், ஒன்று விடாமல் சுருளிப்பட்டித் திராட்சைப் பந்தலுக்குள் கேட்டுக்கொண்டு நின்றார்.

அக்கா திரும்பிப் பார்த்துப் பயந்துபோனாள். “செட்டு இல்ல சார், சத்தியமா இல்ல” என்றாள்.

அவர் வேலியைத் தாண்டி உள்ளே வந்தார். பிறகு, “கடைசி இடத்தில் இன்னும் கொஞ்சம் மேலே போக வேண்டும் அம்மா” என்றார்.

“மேல போனா தொண்ட கிழியுது சார். குருவிக்கு இது போதும்.”

செட்டைத் திருப்பித் தருவாரா என்று கேட்டேன். எல்லாம் லாரியில் போய்விட்டதாம், அவருக்கு அதிகாரமும் இல்லையாம். கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அவர் சட்டைக் கையை மடக்கிக்கொண்டு மேற்கு மூலைக்கு நடந்தார். அங்கே நின்று, அதே பாட்டின் ஆண் குரல் பகுதியைப் பாட ஆரம்பித்தார். அவ்வளவு மோசமான குரலை நான் அதற்கு முன்னும் பின்னும் கேட்டதில்லை. மைனாக்கள் ஒன்றாக எழுந்து மலைப் பக்கம் போய்விட்டன. பொழுது சாயும் வரை அந்த மூலையில் அவர், இந்த மூலையில் அக்கா. டாக்ஸி டிரைவர் வண்டிக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தூங்கினார்.

மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாள் மேனேஜர் போன் மேல் போன் போட்டு அவரைப் பெங்களூருக்குத் திரும்பிப் போக வைத்துவிட்டார். மீதி நாளை அக்கா ஒற்றை ஆளாகச் சமாளித்தாள். பக்கத்துத் தோட்டத்துக்காரர் மேற்கு மூலையில் நின்று பறவைகளோடு வாதம் செய்தார், ஓரளவு பலன் இருந்தது. கம்பெனி அறிக்கையில், இந்தப் பள்ளத்தாக்கு மக்கள் டிஜிட்டல் ரேடியோவை ஏற்றுக்கொள்ளவில்லை என்று எழுதினார்கள். என் வேலையும் அந்த மாதத்தோடு முடிந்தது.

வெட்டு நல்லபடியாக முடிந்தது. குலைக்கு ஒரு பழம்கூடக் குருவி கொத்தவில்லை என்று சொன்னால் பொய். முக்கால்வாசிக்கு மேல் நின்றது. கடைசிப் பெட்டி லாரியில் ஏறும்போது நானும் அங்கே இருந்தேன். அப்போது ஜீப்புக்கு ஆள் பிடிக்கிறவர் பைக்கில் வந்து வேலியோரம் காலை ஊன்றினார். ஏலத்தோட்டத்தில் காய் எடுப்பு தொடங்கிவிட்டது, ஆள் போதவில்லை என்றார்.

“என்ன ஆத்தா, நாளைக்கு வர்றியா?”

அக்கா வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. பன்னிரண்டு நாளில் குரல் முழுக்கப் போய்விட்டது. அவர் சம்மதம் என்று நினைத்துக்கொண்டு சட்டைப்பையில் இருந்து பெயர் எழுதுகிற நோட்டை எடுத்தார். அக்கா என் கையைப் பிடித்தாள். அவள் கை நடுங்கவில்லை.

“வர மாட்டாக” என்றேன் நான்.